‘நன்றி: இணையம்’ என்று போட்டால் போதுமா?

கேள்வி: நான் ஒரு சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். சிறுவர்களுக்காக வானியல் நூல் ஒன்று கொண்டுவந்தோம். மொத்தம் 18 அத்தியாயங்கள். அதில் 11 அத்தியாயங்களைத் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளிலிருந்து எடுத்து, மொழியைக் கொஞ்சம் எளிமையாக்கி, வெட்டி ஒட்டிச் சேர்த்தோம். மீதி ஏழும் எங்கள் ஆசிரியர் சொந்தமாக எழுதியவை. படங்களும் பெரும்பாலும் அங்கே இருந்தவைதான். கடைசிப் பக்கத்தில் ‘நன்றி: இணையம்’ என்று போட்டிருக்கிறோம். போன வாரம் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். வால்வெள்ளி பற்றிய அத்தியாயத்தில் பெரும்பகுதி தான் எழுதியது என்கிறார். ‘எழுதியவர்கள் பெயரும் இல்லை, உரிமமும் இல்லை, ஆனால் எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே என்று போட்டிருக்கிறீர்களே, இது சரியா?’ என்று கேட்கிறார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றுதானே அங்கே எழுதியிருக்கிறது? இன்னும் 600 பிரதிகள் கையிருப்பில் இருக்கின்றன. அடுத்து மின்னூலாகவும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் கொண்டுவரத் திட்டம். அவருக்கு என்ன பதில் சொல்வது? விற்பனையை நிறுத்த வேண்டுமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியா கட்டுரைகளைக் கொண்டு நூல் போட்டு விற்பதில் தவறே இல்லை. அதற்கு யாரிடமும் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை, பங்குத்தொகை கொடுக்க வேண்டியதில்லை. ‘விக்கியில் இருப்பதை விற்கக் கூடாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விற்கலாம் என்று உரிமமே வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆனால் அந்த மின்னஞ்சல் எழுதியவர் கேட்டது நியாயமான கேள்வி. விற்றதை அவர் குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பெயரை நீக்கிவிட்டு, கதவையும் பூட்டிவிட்டீர்களே என்றுதான் கேட்கிறார்.

‘யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்’ என்ற வாக்கியத்தில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். அந்த வாக்கியம் அங்கே முடிவதில்லை. ‘இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்ற பாதி விடுபட்டுப் போகிறது. விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் தங்கள் பதிப்புரிமையை யாருக்கும் தாரைவார்த்துக் கொடுக்கவில்லை. எழுதியவரிடமேதான் அது இருக்கிறது. தளத்தை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைக்குக்கூட அது சொந்தமில்லை. எழுதியவர்கள் கொடுத்திருப்பது ஓர் உரிமம். அதன் பெயர் கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பிடுதல்–அதே மாதிரிப் பகிர்தல். சுருக்கமாக சிசி பை-எஸ்ஏ என்பார்கள். விக்கிப்பீடியாவின் உரை 2009 முதல் இந்த உரிமத்தின் 3.0 பதிப்பிலும், 2023 ஜூன் முதல் 4.0 பதிப்பிலும் இருக்கிறது. உங்கள் 11 அத்தியாயங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை.

இதைச் சட்ட நுணுக்கமாகப் பார்ப்பதற்கு முன், ஒரு வேலை செய்யுங்கள். அந்த வால்வெள்ளிக் கட்டுரையைத் திறந்து, மேலே உள்ள ‘வரலாறு’ என்ற இணைப்பைச் சொடுக்குங்கள். ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரம், பயனர் பெயருடன் வரிசையாக இருக்கும். இப்படிப்பட்ட பக்கங்களில் வழக்கமாக என்ன இருக்கும் என்று சொல்கிறேன். ஒருவர் கட்டுரையைத் தொடங்கியிருப்பார். இன்னொருவர் இரவு ஒன்றரை மணிக்குச் சுற்றுப்பாதை பற்றி மூன்று பத்தி சேர்த்திருப்பார். வேறொருவர் வந்து ஒற்றுப்பிழை மட்டும் திருத்திவிட்டுப் போயிருப்பார். யாரோ விளையாட்டாகக் கெட்ட வார்த்தை எழுதியிருப்பார்கள். நான்கு நிமிடத்தில் இன்னொருவர் அதை நீக்கியிருப்பார். இவர்களில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. உங்கள் நூலில் ‘இணையம்’ என்று ஒற்றைச் சொல்லில் நன்றி வாங்கிக்கொண்டவர்கள் இவர்கள்தான்.

எனக்கே இப்படி ஒன்று நடந்தது. விக்கிப்பீடியாவில் கிரகணம் பற்றிய ஒரு கட்டுரையை விரிவாக்கி எழுதியபோது, ஓர் ஆண்டில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டிவிட்டேன். பத்து நாள் கழித்து வேறொரு பயனர் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நூலைப் புரட்டும்போது என் பத்திகள் அப்படியே கண்ணில் பட்டன, அந்தத் தவறான ஆண்டோடு. அட்டையில் வேறு யாரோ ஒருவர் பெயர். உள்ளே எங்கே தேடியும் எடுத்த இடம் குறிப்பிடப்படவில்லை. என் பெயர் இல்லாததைவிட எனக்கு வலித்தது வேறு. கட்டுரையின் முகவரி ஒன்றாவது அதில் இருந்திருந்தால், சந்தேகப்பட்ட வாசகர் அங்கே போய்ச் சரியான ஆண்டைப் பார்த்திருப்பார். அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிடுவது எழுதியவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமில்லை, வாசகருக்குக் கொடுக்கும் திறவுகோலும் அதுதான்.

சரி, உரிமம் உங்களிடம் என்ன கேட்கிறது?

முதலாவது, குறிப்பிடுதல். யார் எழுதியது, எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமத்தில் எடுத்தது, நீங்கள் மாற்றியிருந்தால் மாற்றியிருக்கிறீர்கள் என்பது, இந்த நான்கும் வாசகருக்குத் தெரிய வேண்டும். ‘கட்டுரைக்கு 70 பேர் பங்களித்திருக்கிறார்களே, எல்லாப் பெயரையும் அச்சிட முடியுமா?’ என்று கேட்பீர்கள். தேவையில்லை. கட்டுரையின் இணைய முகவரியைக் கொடுத்தாலே போதும் என்பதை விக்கிப்பீடியாவின் பயன்பாட்டு விதிகளே ஏற்றுக்கொள்கின்றன. அங்கே போனால் வரலாற்றுப் பக்கத்தில் எல்லாப் பெயரும் இருக்கிறது. இதைவிட எளிதாக யாரும் கேட்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் நூலுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு குறிப்பை எழுதித் தருகிறேன். அத்தியாய எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

“இந்நூலின் 2 முதல் 12 வரையிலான அத்தியாயங்கள் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை எழுதியவர்கள் விக்கிப்பீடியா பங்களிப்பாளர்கள். ஒவ்வொரு கட்டுரையின் முகவரியும் கீழே தரப்பட்டுள்ளது; பங்களித்தவர்களின் முழுப் பட்டியலை அக்கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் காணலாம். சிறுவர்களுக்காக மொழியை எளிமையாக்கி, சில பகுதிகளைச் சுருக்கியிருக்கிறோம். இந்த அத்தியாயங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பிடுதல்–அதே மாதிரிப் பகிர்தல் 4.0 உரிமத்தில் வெளியிடப்படுகின்றன. அதே உரிமத்துக்கு உட்பட்டு எவரும் இவற்றை நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்.”

இதற்குக் கீழே அத்தியாய வாரியாகக் கட்டுரைத் தலைப்பும் முகவரியும், கடைசியில் உரிமத்தின் முகவரியும் வர வேண்டும். கட்டுரை நாளுக்கு நாள் மாறக்கூடியது என்பதால், நீங்கள் எடுத்த நாளின் வடிவத்துக்கான நிலையான இணைப்பைக் கொடுப்பது நல்லது. அச்சு நூலில் நீண்ட முகவரிகள் அழகாக இல்லை என்று வடிவமைப்பாளர் சொன்னால், முகவரிகளோடு ஒரு கியூஆர் குறியீடும் சேர்க்கச் சொல்லுங்கள். எட்டுப் புள்ளி எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைதான் பதிப்பாளர்களுக்குக் கசக்கும்: அதே மாதிரிப் பகிர்தல். வெட்டி, சுருக்கி, எளிமையாக்கி நீங்கள் உருவாக்கியது ஒரு தழுவல். தழுவலை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அதாவது, உங்கள் நூலிலிருந்து அந்த 11 அத்தியாயங்களை நாளை இன்னொரு பதிப்பகம் எடுத்து, முறையாகக் குறிப்பிட்டுத் தன் நூலில் போட்டால், நீங்கள் தடுக்க முடியாது. நீங்கள் எளிமையாக்கிய மொழிக்கும் இது பொருந்தும். ‘நாங்கள் உழைத்தது வீணா?’ என்று இந்த இடத்தில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் தொடங்கிய இடமே வேறு பலர் உழைத்துத் திறந்துவைத்த இடம். உங்களுக்கு அது திறந்திருந்ததைப் போலவே அடுத்தவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே விலை.

‘அப்படியானால் மொத்த நூலும் கைவிட்டுப் போய்விடுமா?’ போகாது. உங்கள் ஆசிரியர் சொந்தமாக எழுதிய ஏழு அத்தியாயங்கள் தனித்து நிற்பவை என்றால், அவற்றின் உரிமை உங்களிடமே இருக்கும். ஒன்றை மாற்றி எழுதும் தழுவலும், தனித்தனிப் படைப்புகளை ஒன்றாக அடுக்கும் தொகுப்பும் வேறு வேறு. 2015இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் இதைப் பற்றி ஒரு வழக்கு நடந்தது. ஒரு நிலப்பட நூலின் அட்டையில் அதே மாதிரிப் பகிர்தல் உரிமத்தில் இருந்த ஒளிப்படத்தைப் போட்டிருந்தார்கள். முழு நூலையும் அதே உரிமத்தில் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது படமெடுத்தவரின் வாதம். படத்தை மாற்றாமல் அட்டையில் சேர்த்ததால் முழு நூலும் அந்தப் படத்தின் தழுவல் ஆகிவிடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே எது எந்த உரிமத்தில் இருக்கிறது என்று உங்கள் நூலில் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஆசிரியரின் பத்திகளை விக்கிக் கட்டுரைக்கு நடுவே கலந்திருந்தால் மட்டும் அந்த அத்தியாயம் முழுவதும் திறந்த உரிமத்துக்குள் வந்துவிடும்.

இப்போது, ‘எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே, எந்தப் பகுதியையும் நகலெடுக்கக் கூடாது’ என்ற வரி. பெயர் விடுபட்டது கவனக்குறைவு என்று சொல்லலாம். இந்த வரியை அப்படிச் சொல்ல முடியாது. பொதுவில் வைத்ததைச் சுற்றி வேலி போடுகிற வரி அது. பழக்கத்தில் எல்லா நூலுக்கும் போடுவதை இதற்கும் போட்டிருப்பீர்கள், தெரிகிறது. ஆனால் அந்த 11 அத்தியாயங்களைப் பொறுத்தவரை அது உண்மைக்குப் புறம்பானது. முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.

‘பணம் வாங்காமல் கொடுத்ததற்கு வழக்கா போடப்போகிறார்கள்?’ என்ற அலட்சியம் வேண்டாம். 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பொம்மை ரயில்களை இயக்கும் ஒரு திறந்த மூல மென்பொருள் தொடர்பான வழக்கை விசாரித்தது. எழுதியவரின் பெயரையும் மற்றக் குறிப்புகளையும் நீக்கிவிட்டு அந்த நிரல் கோப்புகளை ஒரு நிறுவனம் தன் பொருளில் பயன்படுத்தியிருந்தது. இலவசமாகக் கொடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான், அதை மீறினால் பதிப்புரிமை மீறலாகவே கருதலாம், காசு கைமாறவில்லை என்பதால் படைத்தவருக்கு அதில் நலன் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே முடிந்துபோகிறது. 4.0 பதிப்பில் ஒரு சலுகை உண்டு: மீறல் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சரிசெய்துவிட்டால், உரிமம் தானாகவே மீண்டும் உயிர்பெறும். அதுவரை நடந்த மீறலுக்கு அவர் நிவாரணம் கேட்கும் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் நேர்மையாகத் திருத்திக்கொண்டவரிடம் பெரும்பாலோர் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. அந்த மின்னஞ்சல் வந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள்.

கையிருப்பில் உள்ள 600 பிரதிகளைக் கூழாக்க வேண்டாம். குறிப்பு முழுவதையும் முகவரிகளோடு ஒரு தாளில் அச்சிட்டு, ‘நன்றி: இணையம்’ என்ற பக்கத்தில் ஒட்டுங்கள். செருகி வைத்தால் விழுந்துவிடும், ஒட்டுங்கள். முன்பக்கத்து உரிமை வரியின் மேல் சிறிய ஒட்டுத்தாள் ஒன்று. இந்த வேலை முடியும்வரை பிரதிகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே விற்றுப்போனவற்றைத் திரும்பப் பெற முடியாது; அதனால் அதே குறிப்பை உங்கள் இணையதளத்தில் அந்த நூலின் பக்கத்தில் திருத்தமாக வெளியிடுங்கள்.

படங்கள் தனிக் கதை. கட்டுரையின் உரிமம் அதற்குள் இருக்கும் படத்துக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தையும் சொடுக்கி, அதன் விவரப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். வானியல் நூல் என்பதால் உங்களுக்கு ஓரளவு அதிர்ஷ்டம்: நாசா எடுத்த படங்களில் பெரும்பாலானவை பதிப்புரிமை இல்லாதவை. ஆனால் தனி ஒளிப்படக்காரர்கள் எடுத்த படங்கள் வேறு வேறு உரிமத்தில், வேறு வேறு பதிப்பில் இருக்கும். விக்கிப்பீடியாவின் படங்கள் சேமிக்கப்படும் விக்கிமீடியா பொதுவகத்தில் இருப்பவற்றை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கட்டுரையில் தெரியும் சில படங்கள் அங்கே இல்லாமல், நியாயப் பயன்பாடு (அனுமதி இல்லாமலே குறிப்பிட்ட தேவைக்கு மட்டும் பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்ற அடிப்படையில் விக்கிப்பீடியாவில் மட்டும் ஏற்றப்பட்டவையாக இருக்கும். அவற்றை உங்கள் நூலில் போட உங்களுக்கு அனுமதியே இல்லை. இன்னொன்று, 3.0 மற்றும் அதற்கு முந்தைய உரிமங்களில் அந்த 30 நாள் சலுகை கிடையாது. பழைய உரிமத்தில் உள்ள ஒரு படத்துக்குப் பெயர் போடாமல் விட்டதைப் பிடித்துக்கொண்டு பெரிய தொகை கேட்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். ஆகவே படங்களுக்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்குங்கள். ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போட்டு, படம், எடுத்தவர், முகவரி, உரிமமும் அதன் பதிப்பும் என்று நிரப்புங்கள். நிரப்ப முடியாத படத்தை அடுத்த பதிப்பில் நீக்கிவிடுங்கள். விக்கிப்பீடியாவின் உருண்டைச் சின்னத்தை அட்டையில் போட்டிருந்தால் அதையும் எடுங்கள். அது வணிகச் சின்னம், உரை உரிமத்துக்குள் வராது. அவர்கள் உங்கள் நூலை ஆதரிக்கிறார்கள் என்ற தோற்றமும் வரக் கூடாது.

மின்னூலுக்கு வருவோம். நகலெடுக்க முடியாதபடி தொழில்நுட்பப் பூட்டுப் போட்டு அந்த அத்தியாயங்களை விற்கக் கூடாது. உரிமம் இதை நேரடியாகவே தடுக்கிறது. மின்னூல் தளத்தில் ஏற்றும்போது பூட்டு வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். கட்டாயம் பூட்டித்தான் விற்போம் என்கிற தளமாக இருந்தால், இந்த நூலுக்கு அந்தத் தளம் சரிப்படாது.

ஆங்கில மொழிபெயர்ப்பும் தழுவல்தான். அந்த 11 அத்தியாயங்களின் மொழிபெயர்ப்பும் அதே உரிமத்தில் வர வேண்டும். இதை மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்பந்தம் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். வேலையை முடித்த பிறகு ‘என் மொழிபெயர்ப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று அவர் அதிர்ந்தால், அது உங்கள் தவறாகிவிடும்.

இந்த நிபந்தனைகள் எதுவும் உங்களுக்குச் சரிவராது என்றால், இன்னொரு வழி இருக்கிறது. வால்வெள்ளி எதனால் ஆனது, ஹாலி வால்வெள்ளி சுமார் 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது என்பவை செய்திகள். செய்திக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கட்டுரையைப் படித்து, அது காட்டும் மூல நூல்களையும் படித்து, மூடி வைத்துவிட்டு உங்கள் ஆசிரியர் தன் மொழியில், தன் வரிசையில் புதிதாக எழுதலாம். அதற்கு எந்த உரிமமும் குறுக்கே நிற்காது. ஆனால் கட்டுரையைத் திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு சொல்லை மாற்றுவது புதிதாக எழுதுவது ஆகாது. உங்கள் ‘எளிமையாக்கல்’ அந்த வகைதான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

மற்றத் தளங்களிலிருந்தும் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். அதில் ஆறு உரிமங்கள் உண்டு. மூன்றில் வணிகப் பயன்பாடு கூடாது. இரண்டில் மாற்றி வெளியிடக் கூடாது. உரிமத்தின் பெயரில் என்சி (வணிகப் பயன்பாடு கூடாது) என்ற எழுத்துகள் இருந்தால் விற்பனை நூலில் தொடாதீர்கள். என்டி (மாற்றக் கூடாது) இருந்தால் சுருக்கவோ மொழிபெயர்க்கவோ கூடாது.

கடைசியாக, அவருக்கு எழுத வேண்டிய பதில். வழக்குரைஞர் நடையில் எழுதாதீர்கள். ‘யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் உங்களுக்கு உரிமை இல்லை’ என்பது போன்ற வாதம் வேண்டாம், அது தவறும்கூட. தவறு நடந்தது, வருந்துகிறோம், இந்தத் தேதிக்குள் இதையெல்லாம் சரிசெய்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். ஒட்டப்போகும் குறிப்பின் நகலை இணைத்து, ‘இது சரியாக இருக்கிறதா?’ என்று கேளுங்கள். முகவரி கொடுத்தாலே போதும் என்றாலும், பெரும்பகுதி எழுதியவர் என்பதை வரலாற்றுப் பக்கத்தில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அவர் பெயரைத் தனியாகவும் குறிப்பிட விரும்புகிறோம் என்று சொல்லுங்கள். எந்தப் பெயர் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். மின்னஞ்சலில் இருக்கும் சொந்தப் பெயரை நீங்களாக எடுத்து அச்சிடாதீர்கள். புனைபெயரில் எழுதுகிறவர்களில் பலர் அதைக் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். பெயரே வேண்டாம் என்றால் நீக்கிவிட வேண்டும். உரிமமும் அதைத்தான் சொல்கிறது.

இன்றே அனுப்பிவிடுங்கள். அப்புறம், அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் வால்வெள்ளி அத்தியாயத்தின் மெய்ப்பைப் பார்த்துத் தர முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த அத்தியாயத்தில் பிழை இருந்தால் முதலில் அவர் கண்ணில்தான் படும்.